சித்தப்பாவின் கன்னமா, என் கன்னமா? தாய்வழி மரபணுச் சோதனையில் எதைத் தேர்ந்தெடுப்பது

என் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து அப்பாவுடையது. அப்பாவின் பெயருக்கு முன்னால் நின்றது தாத்தாவுடையது. பத்திரம், பட்டா, பள்ளிச் சான்றிதழ் என்று தேடி இந்த வரிசையில் நான்கு தலைமுறை வரை போய்விட்டேன். அம்மா பக்கம் திரும்பியதும் அம்மாச்சியோடு வழி அடைத்துக்கொண்டது. அம்மாச்சியைப் பெற்ற பூட்டியின் பெயர் எங்கள் குடும்பத்தில் பெரியம்மா ஒருவருக்குத்தான் தெரியும். பூட்டியைப் பெற்ற ஓட்டியின் பெயர் யாருக்குமே தெரியாது. எந்தக் காகிதத்திலும் அவள் இல்லை.

ஆனால் அவளிடமிருந்து வந்த ஒன்று என் உடம்பில் இருக்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைப் பள்ளியில் படித்திருப்போம். அதற்குள் வளையமாக ஒரு தனி டி.என்.ஏ. உண்டு. டி.என்.ஏ.வின் அடிப்படை அலகுகளை எழுத்துகள் என்று சொன்னால், மொத்தம் 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். அப்பாவும் அம்மாவும் பாதிப் பாதி கலந்து தரும் மற்ற டி.என்.ஏ.வைப் போல இது கலப்பதில்லை. அம்மா தன் பிள்ளைகள் எல்லாருக்கும் தருகிறாள். மகள்கள் அதைத் தங்கள் பிள்ளைகளுக்குத் தருகிறார்கள். மகன்களோடு அது நின்றுவிடுகிறது. சராசரியாகப் பார்த்தால், ஒரு வழியில் ஓரெழுத்து மாறுவதற்கு மூவாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் ஆகும். அப்படி மாறிய எழுத்துகளை வைத்துத்தான் மனித குலத்தின் தாய்வழி மரத்தைக் கட்டுகிறார்கள். 1987-இல் ரெபெக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் மூவரும் 147 பேரின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை ஒப்பிட்டு, மரத்தின் வேர் ஆப்பிரிக்காவில் சுமார் இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்கிறது என்று எழுதினார்கள்.

இன்று இந்தச் சோதனையை வீட்டில் இருந்தபடியே செய்துகொள்ளலாம். கடந்த சில ஆண்டுகளில் எங்கள் குடும்பத்துக்காக நான்கு கிட் வாங்கியிருக்கிறேன். அவற்றில் ஒன்று வீண், ஒன்று பாதி வீண். எதை வாங்கலாம் என்று கேட்கும் நண்பர்கள் எல்லாரும் எந்தக் கம்பெனி என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். யாருக்குச் சோதனை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்பது என் பதில். காசு அதில்தான் வீணாகிறது.

யாருக்கு?

எனக்கும் அக்காவுக்கும் அம்மாவுக்கும் தாய்மாமனுக்கும் பெரியம்மா பிள்ளைகளுக்கும் இருப்பது ஒரே மைட்டோகாண்ட்ரியா வழி. ஒருவருக்குச் சோதனை செய்தால் எல்லாருக்கும் செய்த மாதிரி. அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று வாங்குவது தேவையே இல்லை. தாய்மாமன் தன் வழியைத் தன் பிள்ளைகளுக்குத் தர மாட்டார். ஆனால் மருமகனும் அவரும் அதே வழி. மொய்யும் சீரும் தூக்கிக்கொண்டு முதலில் வந்து நிற்கிறவருக்கு ரத்தத்திலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு மனம் நிறைந்துபோனது.

அப்பத்தாவின் வழி வேறு. அது அப்பாவிடம் இருந்தது, என்னிடம் இல்லை. அப்பத்தாவுக்குப் பெண் பிள்ளை கிடையாது, ஐந்தும் ஆண். நால்வர் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது 74 வயதுச் சித்தப்பா மட்டும். அப்பத்தா, அவளைப் பெற்றவள், அவளைப் பெற்றவள் என்று எண்ணாயிரம் பத்தாயிரம் ஆண்டு கைமாறி வந்தது எங்கள் குடும்பத்தில் இந்த ஒரு மனிதரிடம்தான் இருக்கிறது. என்னுடையதை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம், அக்காவின் மகள்களிடம் அது இருக்கிறது. அதனால் ஒரு கிட்டுக்குத்தான் காசு என்றால் அது சித்தப்பாவுக்குத்தான். உங்கள் வீட்டிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எந்த வழி யாரோடு முடியப்போகிறதோ அவருக்கு முதல் கிட்.

சொந்தத்தில் கல்யாணம் செய்யும் நம் குடும்பங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. வெளிநாட்டு விளக்கக் குறிப்பு எதிலும் இதைப் பார்க்க முடியாது. ஒரு நண்பர் தனக்கு ஒன்று, தன் அப்பாவுக்கு ஒன்று என்று இரண்டு முழுச் சோதனைகள் எடுத்தார். அம்மா வழியும் அப்பத்தா வழியும் தெரிந்துவிடும் என்று கணக்கு. இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே முடிவு வந்தது. மாதிரி மாறிவிட்டது என்று ஆய்வகத்துக்குக் கோபமாக ஒரு கடிதம்கூட எழுதிவிட்டார். அப்புறம்தான் பேச்சுவாக்கில் சொன்னார், அவர் அப்பா கட்டியது சொந்த அக்கா மகளை. அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே தாய், அக்கா மகளுக்கும் அதே வழி. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மைட்டோகாண்ட்ரியா. ஆய்வகத்தில் ஒரு தவறும் இல்லை.

அத்தை மகளைக் கட்டியிருந்தால் கதை வேறு. அத்தையின் வழி என்பது அப்பாவைப் பெற்றவளின் வழி. அது அத்தை மகள் மூலமாகப் பிள்ளைகளுக்குப் போகும். அதாவது பேரப் பிள்ளைகளின் தாய்வழியும் தாத்தாவின் தாய்வழியும் ஒன்றாகிவிடும். மாமன் மகள் என்றால் வருவது மாமியின் வழி, அது புதியது. சொந்தத்தில் கல்யாணம் நடந்த வீடு என்றால், கிட் வாங்கும் முன் ஒரு தாளில் நான்கு தலைமுறைக்குக் கோடு போட்டுப் பார்த்துவிடுங்கள். பதினைந்து நிமிட வேலை.

எந்தச் சோதனை?

ஆன்செஸ்ட்ரி, மைஹெரிடேஜ் போன்றவை விளம்பரத்தில் அதிகம் தெரியும். தாய்வழி மரத்தில் நீங்கள் எந்தக் கிளை என்று அவை சொல்வதில்லை. இத்தனை சதவீதம் தென்னிந்தியா என்று ஒரு படமும், உறவினர் பட்டியலும் கொடுக்கும். இந்தத் தேடலுக்கு அவை உதவாது. நான் வீணடித்தது இந்த வகையில்தான், வாங்கும்போது சரியாகப் படிக்கவில்லை.

அடுத்தது சிப் வகை. 23அண்ட்மீ, லிவிங் டி.என்.ஏ. இரண்டும் இப்படி. மைட்டோகாண்ட்ரியாவின் 16,569 எழுத்துகளில் முன்பே தேர்ந்தெடுத்த சில இடங்களை மட்டும் பார்த்து, நீங்கள் மரத்தின் எந்தக் கிளை என்று சொல்வார்கள். விலை குறைவு, கூடவே மற்ற டி.என்.ஏ. பற்றியும் தெரியும். குறை என்னவென்றால், எந்த இடங்களைப் பார்ப்பது என்ற தேர்வு, ஏற்கெனவே நன்றாக ஆராயப்பட்ட கிளைகளை வைத்து நடக்கிறது. ஐரோப்பியக் கிளைகளில் நுனி வரை போகும் சிப், நம் கிளைகளில் நடுவிலேயே நின்றுவிடக்கூடும். எனக்கு வந்தது ‘எம்2’ என்று முடிந்துவிட்டது. சுமார் ஐம்பதாயிரம் ஆண்டு பழமை சொல்லப்படும் கிளை அது. மதுரைக்கு வழி கேட்டவனிடம் ஆசியாவில் இருக்கிறது என்று சொன்ன மாதிரி.

மூன்றாவது, முழு வரிசை. 16,569 எழுத்தையும் படிப்பது. பொதுமக்களுக்கு இதைத் தனியாக விற்கும் பெரிய நிறுவனம் ஹியூஸ்டனில் இருக்கும் ஃபேமிலி ட்ரீ டி.என்.ஏ. விலை சுமார் 160 டாலர், தள்ளுபடி நாட்களில் இன்னும் குறையும். தபால் செலவு தனி. இதில் என் வழி எம்2ஏ1ஏ என்று கீழே இறங்கியது. தாய்வழிக் கேள்வி மட்டும்தான் உங்களுடையது என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

முழு வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு நல்ல உதாரணம் இங்கிலாந்தின் மூன்றாம் ரிச்சர்டு. 1485-இல் போரில் செத்த அரசர். 2012-இல் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்தத்தின் அடியில் எலும்புக்கூடு கிடைத்தது. அவருடைய அக்கா ஆன் வழியாக, தாய்க்குத் தாய் இறங்கி வந்த இருவர் இன்றும் இருப்பதைக் காகிதங்களில் தேடிப் பிடித்தார்கள். முழு வரிசையை ஒப்பிட்டபோது ஒருவருடையது எழுத்துக்கு எழுத்து ஒத்தது. மற்றவருடையதில் ஓரெழுத்து மட்டும் வேறு. ஐந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் அவ்வளவுதான் மாற்றம். சில இடங்களை மட்டும் பார்க்கும் சோதனையை வைத்து இப்படி உறுதியாகச் சொல்லவே முடியாது. இதையே திருப்பிப் பார்த்தால் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. உங்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் ஒருவர் கிடைத்தால், அவர் ஒன்றுவிட்ட அக்காவாகவும் இருக்கலாம், சோழர் காலத்தில் பிரிந்துபோன கிளையாகவும் இருக்கலாம். எது என்று டி.என்.ஏ. சொல்லாது. ரிச்சர்டு விஷயத்தில் அதைச் சொன்னது காகிதம்.

நான்காவது, முழு மரபணுத் தொகுப்பையும் படிப்பது. சில நூறு டாலர் ஆகும். ஒவ்வொரு செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பிரதிகளாக இருப்பதால், முழுத் தொகுப்பைப் படிக்கும்போது தாய்வழி வரிசை மிகத் துல்லியமாகக் கூடவே வந்துவிடும். ஆனால் கோப்பைப் பிரித்தெடுத்து, இன்ஸ்புருக் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் உருவான ஹாப்ளோகிரெப் போன்ற இலவசக் கருவியில் நீங்களே ஏற்ற வேண்டும். கணினியோடு உட்காரத் தயங்காதவர், ஆண் வழியும் மற்றதும் சேர்த்து வேண்டும் என்பவர் இதை எடுக்கலாம். எழுபது வயதைத் தாண்டிய ஒருவரின் மாதிரி, இன்னொரு வாய்ப்பு கிடைக்காது என்றால், நான் யோசிக்காமல் இதற்கே செலவழிப்பேன். சித்தப்பாவுக்கு இதைத்தான் எடுத்தேன்.

நேஷனல் ஜியோகிராஃபிக்கின் ஜினோகிராஃபிக் திட்டத்தில் 2005-க்குப் பிறகு கலந்துகொண்டவர்கள் சிலர் நம்மிடையே உண்டு. அதன் விற்பனை 2019-இல் நின்றது, முடிவுகள் இருந்த தளமும் மூடியாயிற்று. அப்போது எடுத்த அச்சுப் பிரதி பத்திரமாக இருந்தால், அது சரியான தொடக்கம்தான். ஆரம்ப ஆண்டுகளில் பார்த்தது சில நூறு எழுத்துகள் கொண்ட ஒரு பகுதியை மட்டும், அதனால் கிளையின் நுனி தெரியாது.

எச்சிலா, குச்சியா?

இது சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் வயதானவர்கள் விஷயத்தில் இதுவே முடிவை மாற்றிவிடும். சில கிட்களில் ஒரு குழாயில் கோடு வரை எச்சில் துப்ப வேண்டும். சிலவற்றில் பஞ்சுக் குச்சியால் உள்கன்னத்தில் தேய்த்தால் போதும். சித்தப்பாவுக்கு முதலில் வாங்கியது எச்சில் கிட். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர், வாய் எப்போதும் காய்ந்தே இருக்கும். அரை மணி நேரம் முயன்றும் பாதிக் குழாய்தான், அதிலும் முக்கால்வாசி நுரை. மாதிரி போதவில்லை என்று பதில் வந்தது.

இரண்டாவது முறை குச்சி. சித்தப்பா வெற்றிலை போடுகிறவர். காலையில் ஒன்றும் போடக் கூடாது என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். போய்ப் பார்த்தால் வாய் சிவந்திருந்தது. நாலு தடவை கொப்பளிக்கச் சொல்லி, திண்ணையில் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அந்த ஒரு மணி நேரத்தில்தான் அப்பத்தா பிறந்த ஊர் இப்போது சொல்கிற ஊர் இல்லை, அது அவளை வளர்த்த சின்னம்மா ஊர் என்று சொன்னார். குச்சியைத் தேய்த்து எடுத்தபோது பஞ்சின் நுனியில் லேசான ரோஸ் நிறம் இருந்தது. பயந்துகொண்டேதான் அனுப்பினேன், முடிவு நல்லபடியாக வந்தது. பெரியவர்களுக்கு என்றால் எப்போதும் குச்சிதான், அதுவும் விடிந்ததும், காபிக்கு முன்னால்.

என்ன தெரியும், என்ன தெரியாது

இந்தியாவில் பாதிக்கு மேற்பட்டவர்களின் தாய்வழி ‘எம்’ என்ற பெருங்கிளையில் வரும். மீதியில் பெரும்பகுதி ‘ஆர்’, ‘யு’ கிளைகள். ஆப்பிரிக்காவை விட்டு வந்த கொஞ்ச காலத்துக்குள் இங்கே வேர்விட்டு, இங்கேயே பெருகிய கிளைகள் இவற்றில் ஏராளம். 2005-இல் ஐதராபாத்தில் இருக்கும் சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜ் குழு, அந்தமானின் ஓங்கே, கிரேட் அந்தமானிய மக்களிடம் எம்31, எம்32 என்ற மிகப் பழைய கிளைகளைக் காட்டியது. ஆண் வழியில் பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்த கலப்பு அதிகம், பெண் வழியில் பெரும்பாலும் இந்த மண்ணின் பழைய கிளைகளே என்பதை 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வும் எடுத்துக்காட்டியது. வந்தவர்கள் வந்தார்கள், நம் பாட்டிகள் இங்கேயே இருந்தார்கள்.

எம்3, எம்30 என்று பார்த்ததும் ஒன்றின் பிள்ளை மற்றொன்று என்று நினைக்க வேண்டாம், அவை வேறு வேறு கிளைகள். மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் கண்டுபிடித்ததாகச் செய்திகளில் அடிபட்ட எம்130-உம் இதில் சேராது. அது பேராசிரியர் பிச்சப்பன் குழு ஆராய்ந்த ஆண் வழி அடையாளம், அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமில் இருப்பது. பெயரில்தான் ஒற்றுமை.

முடிவில் முப்பது நாற்பது எழுத்துகள் ‘மாறியிருக்கின்றன’ என்று ஒரு பட்டியல் வரும். வியாதி என்று பதற வேண்டாம். 1981-இல் கேம்பிரிட்ஜில் முதன்முதலாகப் படித்து, 1999-இல் திருத்திய ஒரு வரிசையோடு ஒப்பிட்டுத்தான் அந்தப் பட்டியல் போடுகிறார்கள். அது ஓர் ஐரோப்பியக் கிளையின் வரிசை. 263, 750, 1438 ஆகிய இடங்களில் உலகில் ஏறக்குறைய எல்லாருமே அதனோடு வேறுபடுவார்கள்.

அதே சமயம், முழு வரிசையில் நோய் தொடர்பான எழுத்துகளும் தெரியும் என்பது உண்மைதான். 11778-ஆம் இடத்தில் ஒரு மாற்றம் பார்வை நரம்பைப் பாதிக்கலாம். 1555-இல் ஒரு மாற்றம் இருந்தால் சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளால் காது கேட்காமல் போகலாம். இது உங்கள் முடிவு மட்டும் இல்லை, அம்மாவுக்கும் அக்காவுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் சேர்த்த முடிவு. எடுப்பதற்கு முன்பே அவர்களிடம் பேசிவிடுங்கள். தகவல் பாதுகாப்பும் இதில் சேர்த்தி. 23அண்ட்மீயில் 2023-இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. பிறகு நிறுவனர்களில் ஒருவரான ஆன் வோஜ்சிக்கியின் லாப நோக்கற்ற அமைப்பு 30.5 கோடி டாலருக்கு அதை வாங்கியது. எங்கே எடுத்தாலும், முடிவு வந்த அன்றே மூலக் கோப்பை இறக்கிப் பத்திரப்படுத்துங்கள். உறவினர் பட்டியலில் பெயர் தெரிய வேண்டுமா என்பதை யோசித்து டிக் செய்யுங்கள்.

சாதி தெரியுமா என்று கேட்கிறார்கள். தெரியாது. எம்2 பழங்குடிகளிடமும் இருக்கிறது, பல சாதிகளிடமும் இருக்கிறது. சாதி என்ற பேச்சே பிறக்காத காலத்துக் கிளை அது. ஹரியானாவின் ராக்கிகடியில் 61 எலும்பு மாதிரிகளை அலசி, ஒரே ஒரு பெண்ணிடமிருந்துதான் டி.என்.ஏ. எடுக்க முடிந்தது. 2019-இல் வந்த அந்த முடிவில் அவளுடைய தாய்வழி யு2பி2. சிந்து சமவெளி நாகரிகத்தில் நான்காயிரம் ஆண்டுக்கும் முன்னால் வாழ்ந்தவள். அதே கிளை இன்றும் தெற்காசியாவில் இருக்கிறது. உங்களுக்கும் யு2பி2 வந்தால் அவள் உங்கள் பாட்டி என்று அர்த்தம் இல்லை, இரண்டு பேருக்கும் மேலே எங்கோ ஒரு பொதுத் தாய் உண்டு என்றுதான் அர்த்தம்.

பத்துத் தலைமுறை மேலே போனால் நமக்கு 1,024 முன்னோர் இடங்கள். மைட்டோகாண்ட்ரியா அதில் ஒருத்தியைப் பற்றித்தான் பேசுகிறது. இது பிடிக்காதவர்கள் சிப் சோதனையோடு நிற்கலாம், அதில் தவறில்லை. எனக்கு அந்த ஒருத்திதான் வேண்டியிருந்தது.

காகிதம் முதலில் யாருக்கு?

டர்பனில் இருக்கும் ஒரு தமிழருக்கு நான் சோதனையை இரண்டாவதாகத்தான் சொல்வேன். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. பெயர், அப்பா பெயர், வயது, ஜில்லா, கிராமம் எல்லாம் அதில் வரும். அம்மா பெயர் வராது. ஆனால் கப்பல் ஏறிய பெண்ணின் கிராமம் கிடைத்துவிடும். மைட்டோகாண்ட்ரியாவால் அந்தக் கிராமத்தைச் சொல்ல முடியாது, நம் ஆட்கள் குறைவாக இருக்கும் தரவுத்தளத்தில் ஒத்துப்போகும் பெயர்கள் கிடைப்பதும் அரிது.

இலங்கையின் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் நிலைமை நேர் எதிர். அங்கே குடி என்ற குலப் பிரிவு தாய்வழியாக வருவது. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இந்த வழக்கம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரரும் நானும் தேடி அலையும் ஒன்றை அங்கே ஒரு சாதாரண அம்மம்மா வாயிலேயே வைத்திருக்கிறார். ஒரே குடியைச் சேர்ந்த இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து முழு வரிசை எடுத்தால், வாய்வழியாக வந்த நினைவும் உடம்பின் எழுத்தும் எவ்வளவு தூரம் சேர்ந்து வருகின்றன என்று பார்க்கலாம். இலங்கையில் வேடர், சிங்களவர், தமிழர் வழிகளை ஒப்பிட்டு 2014-இல் வந்த ஆய்வில், வேடரிடம் ‘எம்’ குறைவாக இருந்தது கவனிக்க வேண்டிய விஷயம். அந்தத் தீவில் இன்னும் எத்தனையோ பார்க்க இருக்கிறது.

என் கணக்கில் இன்னும் ஒரு கிட் பாக்கி. அது அம்மாவின் அப்பாவைப் பெற்றவளின் வழிக்கு. அந்த வழி இப்போது தேனிப் பக்கம் ஒரு ஒன்றுவிட்ட அத்தையிடம் இருக்கிறது. அதற்கு முன்னால் தை பிறந்ததும் பெரியம்மா வீட்டுக்குப் போக வேண்டும். பூட்டியின் பெயரோடு, அவள் எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தாள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பெரியம்மாவுக்கு 86 ஆகிறது.